சிறு விமானம் ஓட்டக் கற்பது: முதல் பாடம் முதல் உரிமம் வரை

பயிற்சியின் இரண்டாவது நாள். 2,000 அடி உயரத்தில் நேராகப் பறக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியர். நான் யோக்கை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பயன்படும் கைப்பிடியை, இறுகப் பிடித்திருந்தேன். விமானம் ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்துகொண்டிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, என் ஆள்காட்டி விரலுக்கு மேலாகவும் நடுவிரலுக்குக் கீழாகவும் மோதிர விரலுக்கு மேலாகவும் செருகிவிட்டார். இறுக்கினால் பென்சில் எலும்பில் அழுத்தி வலித்தது. வலி தாங்காமல் பிடியைத் தளர்த்தினேன். அரை நிமிடத்தில் விமானம் அமைதியாகிவிட்டது. அதுவரை அதை ஆட்டிக்கொண்டிருந்தது என் கைதான்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இன்றைக்கும் புதிதாகக் கற்க வருபவர்களிடம் சொல்கிறேன். கண் வெளியே இருக்கட்டும். கை லேசாக இருக்கட்டும். முடிவைச் சீக்கிரம் எடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்த மூன்றும் வேறு வேறு உருவத்தில் திரும்ப வரும்.

படி 1: பணம் கட்டுவதற்கு முன்

முதலில் ஒரு அறிமுகப் பறத்தல் போய்வாருங்கள். பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆசிரியரோடு ஏற்றிப் போவார்கள், யோக்கையும் கொஞ்ச நேரம் கையில் தருவார்கள். பெரிய ஜெட்டில் பயணம் செய்த அனுபவம் இங்கே உதவாது. எஞ்சின் சத்தம் காதில் அறையும், வெயில் ஏறிய பிறகு காற்று குலுக்கும். அதிகாலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தரை சூடாகாத வேளையில் காற்று பால் போல இருக்கும். முதல் தடவை வயிறு புரட்டினால் மனம் தளர வேண்டாம், நான்கைந்து பறத்தலில் பலருக்கும் அது பழகிவிடுகிறது.

அடுத்து மருத்துவச் சான்று. தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச அளவில் இரண்டாம் வகுப்புச் சான்று என்பது பொதுவான விதி. பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, இரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. நாற்பது மணி நேரம் பறந்து முடித்த பிறகு மருத்துவரிடம் போய் நின்று, ஒரு சிக்கல் தெரியவந்து முடங்கியவர்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

பிறகு கணக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 17, குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பாடத்திட்டத்தில் படித்தால் 35 மணி. அதில் 10 மணியாவது சோலோ, அதாவது ஆசிரியர் இல்லாமல் தனியாக. ஒவ்வொரு நாடும் இதற்கு மேல் தன் விதிகளைச் சேர்த்துக்கொள்ளும். 40 மணியில் முடிப்பவர்கள் குறைவு. உங்கள் கணக்கில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணமும் கையில் சேர்ந்த பிறகு தொடங்கி, வாரம் இரண்டு மூன்று முறை விடாமல் பறப்பது நல்லது. மாதம் ஒரு முறை போனால் ஒவ்வொரு பாடத்திலும் முதல் அரை மணி நேரம் போன பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே கரைந்துவிடும்.

பள்ளியை விட ஆசிரியர் முக்கியம். சேர்வதற்கு முன் அவரோடு ஒரு முறை பறந்து பாருங்கள். நீங்கள் தவறு செய்யும்போது அவர் கை உடனே யோக்குக்குப் போகிறதா, அல்லது பாதுகாப்பான எல்லை வரை உங்களை விட்டுவைத்து வாயால் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: தரையில் படிக்க வேண்டியது

வானிலை, வழிகாணல், வான்வெளி விதிகள், ரேடியோ, விமானத்தின் அமைப்பு, மனித உடலின் வரம்புகள் என்று தரைப்பாடங்கள் நீளும். எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் உள்ளங்கை ரேகை போல அறிந்திருக்க வேண்டும், அது தாக்குகோணம்.

இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையிலான கோணம் அது. கோணம் கூடக் கூடத் தூக்குவிசை கூடும். சுமார் 16 டிகிரி தாண்டியதும் இறக்கையின் மேல்பரப்பில் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு கலையும், தூக்குவிசை சட்டென்று குறையும். இதுதான் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள், எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த வேகத்திலும், மூக்கு எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் ஸ்டால் ஆகலாம். கோணம் ஒன்றுதான் கணக்கு.

ஒரு உதாரணம். உலகெங்கும் பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1955-இல் முதலில் பறந்தது, 44,000-க்கும் மேல் தயாராகிவிட்டது. அதன் எஸ் மாடலில் ஃப்ளாப் (குறைந்த வேகத்தில் கூடுதல் தூக்குவிசை தர இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இறக்காமல் நேராகப் பறக்கும்போது ஸ்டால் வேகம் 48 நாட், அதாவது மணிக்கு 48 கடல் மைல். அதே விமானத்தை 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் திருப்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்க வேண்டும். ஸ்டால் வேகம் 41 சதவீதம் ஏறிச் சுமார் 68 நாட் ஆகிவிடும். நேராகப் போகும்போது சௌகரியமாக இருந்த 65 நாட், திருப்பத்தில் ஸ்டாலுக்குள் தள்ளிவிடும். இந்தக் கணக்கைக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். தரையிறங்கும் பாடத்தில் இது திரும்ப வரும்.

உயரமானி பற்றியும் ஒரு வார்த்தை. அது அளப்பது காற்றழுத்தத்தை. நியம அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல். கடல் மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி. அழுத்தத்தை 10 தவறாக வைத்தால் 300 அடி தவறு. கட்டுப்பாட்டு டவர் அன்றைய அழுத்த எண்ணைச் சொன்னதும் உயரமானியில் திருகிவைத்துவிட்டு, அதே எண்ணை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.

ரேடியோ பேச்சு எல்லாரையும் முதலில் மிரட்டும். ஏ, பி, சி-க்குப் பதிலாக ரேடியோவில் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி எழுத்துக்களைத் தெருவில் போகும் வண்டிகளின் பதிவெண்ணைப் பார்த்து வாசித்துப் பழகுங்கள். யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசை மனதில் பதிந்துவிட்டால் மீதி தானே வரும்.

படி 3: விமானத்தைச் சுற்றி ஒரு நடை

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறத்தலில் எழும்பியதும் விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் வாலைப் பூட்டிவைக்கும் பூட்டைக் கழற்ற மறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் எழுதிவைத்த செக்லிஸ்ட் விமானிகளின் வாழ்க்கைக்குள் வந்தது. மனப்பாடமாகத் தெரிந்தாலும் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சரிபார்க்க வேண்டும்.

கதவருகே தொடங்கி ஒரே திசையில் சுற்றி வாருங்கள். கீல், ஆணி, டயர், பிரேக் குழாய், இறக்கையின் முன்விளிம்பு எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். வேகமானிக்குக் காற்று கொண்டுபோகும் பிட்டோ குழாயில் உறை மாட்டியிருக்கிறதா, பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எண்ணெய் அளவைக் குச்சியை இழுத்துப் பாருங்கள். ப்ரொபெல்லரை எப்போதும் ஓடுகிற ப்ரொபெல்லராகவே நினையுங்கள். சாவி வெளியே இருந்தாலும் அதன் வட்டத்துக்குள் நிற்காதீர்கள்.

எரிபொருளில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். இறக்கைக்கு அடியிலுள்ள சிறு வால்வில் கண்ணாடிக் குப்பியை அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். 100எல்எல் என்கிற விமானப் பெட்ரோலுக்கு வெளிர் நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் கனம் காரணமாக அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். இரவெல்லாம் மழை பெய்த ஒரு காலை, குப்பியில் எந்தக் கோடும் தெரியவில்லை, சுத்தமாக இருக்கிறது என்று ஊற்றப் போனேன். ஆசிரியர் கையைப் பிடித்து நிறுத்தி, குப்பியை வெள்ளை இறக்கைக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நீலமே இல்லை. முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாடையும் இல்லை. குப்பி நிறையத் தண்ணீர்! அடுத்தடுத்து ஐந்து குப்பி எடுத்த பிறகுதான் நீலம் வந்தது. அன்றிலிருந்து கோட்டைத் தேடுவதோடு நிற்பதில்லை, நிறத்தையும் வாடையையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் காக்பிட் முள்ளை நம்ப வேண்டாம். இறக்கைமேல் ஏறி மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட்டுப் பாருங்கள்.

படி 4: தரையில் ஓட்டம்

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் சோதனை இது. டாக்ஸியில், அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிப் போகும்போது, திருப்புவது கால்தான். யோக்கைத் திருப்பினால் இறக்கையின் ஓரத்தில் விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் தகடுதான் அசையும், விமானம் தன் பாட்டுக்கு நேராகப் போகும். ஆளின் நடைவேகத்துக்கு மேல் போகாமல், கால்விரலால் பிரேக்கை இரண்டு பக்கமும் சமமாகத் தொட்டுப் பழகுங்கள்.

ஓடுபாதைக்கு முன் நிறுத்தி எஞ்சினைச் சோதிப்பது ரன்-அப். 172எஸ் மாடலில் நிமிடத்துக்கு 1,800 சுழற்சியில் வைத்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியாகப் பார்ப்பீர்கள். எதிலும் 150-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் கூடாது. முள் கொஞ்சம் தாண்டினால் திரும்பிப் போய்விடுங்கள். “ஒரு சுற்றுதானே” என்ற எண்ணம் எழும் இடம் இது. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல் பழகுவதும் பயிற்சிதான்.

படி 5: வானத்தில் அடிப்படை

டேக்-ஆஃப் பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரிந்தாலும் எளிமையான வேலை. எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளுங்கள், எண்ணெய் அழுத்தத்தையும் வேகமானி உயிர்பெறுவதையும் ஒரு பார்வை பாருங்கள், வலது காலால் நேராகப் பிடியுங்கள். காக்பிட்டிலிருந்து பார்க்க ப்ரொபெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சின்களில், முழு வலுவில் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். 55 நாட்டில் லேசாக மூக்கைத் தூக்கினால் சக்கரம் தரையை விட்டுவிடும். 74 நாட்டில் ஏறுங்கள். எண்கள் 172எஸ்-க்கு உரியவை. உங்கள் விமானத்தின் எண்கள் அதன் கையேட்டில் இருக்கும், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

உயரே போனதும் தொடுவானத்தைப் பாருங்கள். எஞ்சின் மூடிக்கும் தொடுவானத்துக்கும் இடையே எத்தனை விரல் அகலம் இருக்கிறது? நேராகப் பறக்கும்போது எனக்கு நான்கு விரல். உங்கள் உயரத்துக்கும் இருக்கைக்கும் ஏற்ப அது மாறும். அந்தப் படத்தை மனதில் பிடித்துவைத்துக்கொண்டால் முள்ளைத் துரத்த வேண்டியதில்லை. மூக்கின் நிலையை வையுங்கள், எஞ்சின் வலுவை வையுங்கள், காத்திருங்கள். வேகமும் உயரமும் தாமே வந்து நிற்கும். முள் பின்தங்கித்தான் பேசும். அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினால் அலை போல ஏறி இறங்குவீர்கள். பத்தில் ஒன்பது பங்கு நேரம் கண் வெளியே, ஒரு பங்கு உள்ளே. வேறு விமானங்களை யாராவது பார்த்தாக வேண்டுமே.

ட்ரிம் சக்கரத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நிலையை யோக்கால் வைத்து, வேகம் நிலைத்த பிறகு, கையில் உணரும் அழுத்தம் மறையும் வரை ட்ரிம்மைச் சுழற்றுங்கள். பிறகு கையை எடுத்துப் பாருங்கள். மூக்கு அசையாமல் இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். வேகம் நிலைப்பதற்கு முன்பே ட்ரிம் செய்வது மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை, அதனால் மறுபடி மறுபடி திருத்த வேண்டிவரும்.

திருப்பத்தில் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். யோக்கால் சாய்க்கும்போது மேலே போகும் இறக்கை அதிக இழுவையைச் சந்தித்து மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் திருப்பும் பக்கத்து ரட்டர் பெடலை (வாலிலுள்ள செங்குத்துத் தகட்டை அசைக்கும் கால்மிதியை) லேசாக அழுத்த வேண்டும். சரியாகச் செய்தால் திருப்பத்தைக் காட்டும் கருவியிலுள்ள சிறு பந்து நடுவில் நிற்கும். தவறினால் இருக்கையில் உடம்பு ஒரு பக்கம் சரிவதை உணர்வீர்கள்.

அடுத்தது ஸ்டால் பயிற்சி. பயப்படாதவர் இல்லை. போதுமான உயரத்தில், சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பார்த்துவிட்டு, எஞ்சினைக் குறைத்து மூக்கை மெதுவாகத் தூக்கிக்கொண்டே போவீர்கள். காற்றின் சத்தம் அடங்கும். யோக் தளர்ந்து, கையில் ஒட்டாத மாதிரி ஆகும். எச்சரிக்கை ஊதல் அழும். பிறகு ஒரு நடுக்கம், மூக்கு தானாகத் தலையைக் குனியும். அந்த நொடியில் யோக்கை முன்னே தளர்த்தித் தாக்குகோணத்தைக் குறையுங்கள், பிறகு முழு வலு கொடுங்கள், இறக்கையைச் சமப்படுத்துங்கள், ஏறுங்கள். தரை நெருங்குவதைப் பார்த்தும் யோக்கை முன்னே தள்ளுவது மனித இயல்புக்கு எதிரானது. அதனால்தான் இதை உடம்புக்குப் பழக்குகிறோம். ஒரு இறக்கை முன்னதாக விழுந்து விமானம் சுழலத் தொடங்கினால் அது ஸ்பின். எஞ்சின் ஐடில், எய்லரான் நடுவே, சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரட்டர் முழுதாக, யோக் முன்னே. சுழற்சி நின்றதும் ரட்டரை நடுவே கொண்டுவந்து மென்மையாக மூக்கைத் தூக்க வேண்டும். ஸ்பின்னுக்கு அனுமதி உள்ள விமானத்தில், அதில் தேர்ந்த ஆசிரியரோடு மட்டும் இதைப் பாருங்கள்.

படி 6: சர்க்யூட்டும் தரையிறக்கமும்

பயிற்சியில் அதிக நேரம் தின்பது இது. ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வகம், பொதுவாக இடப்பக்கத் திருப்பங்கள், தரையிலிருந்து சுமார் 1,000 அடி. ஏறுவது, திரும்புவது, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது, மறுபடி திரும்புவது, நேராக இறங்குவது. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு சுற்று.

நல்ல தரையிறக்கம் ஓடுபாதைக்கு வெகு முன்பே தொடங்கிவிடும். கடைசி நேர்கோட்டில் வேகம், சரிவு, ஃப்ளாப் மூன்றும் அமைந்திருந்தால் மீதி எளிது. முன்கண்ணாடியில் ஓடுபாதையின் ஒரு புள்ளியைக் குறிவையுங்கள். அந்தப் புள்ளி கண்ணாடியில் மேலே நகர்ந்தால் நீங்கள் தாழ்வாக வருகிறீர்கள்; கீழே நகர்ந்தால் உயரமாக வருகிறீர்கள்; அசையாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கேதான் போகிறீர்கள். 172எஸ்-இல் முழு ஃப்ளாப்போடு 60 முதல் 70 நாட் வரை. அதற்கு மேல் வேகத்தோடு வந்தால் விமானம் தரையில் உட்கார மறுத்து மிதந்துகொண்டே போகும்.

நேர்கோட்டுக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. திருப்பம் தாமதமாகி ஓடுபாதையைத் தாண்டிவிடுவோம் என்று தெரிந்ததும், சாய்வைக் கூட்டாமல் ரட்டரால் மூக்கை உள்ளே தள்ளத் தோன்றும், கூடவே யோக்கையும் பின்னே இழுக்கத் தோன்றும். தரைப்பாடத்தில் போட்ட கணக்கு இங்கே வந்து நிற்கிறது. குறைந்த வேகம், கூடிய ஸ்டால் வேகம், நடுவில் இல்லாத பந்து: இவை சேர்ந்தால் ஸ்பின். அந்த உயரத்தில் மீள இடமில்லை. 30 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டிவந்தால் அந்தத் தரையிறக்கத்தையே விட்டுவிட்டு இன்னொரு சுற்று போங்கள்.

இனி கடைசிச் சில அடிகள். எனக்கு இது மூன்று வாரம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் தரையில் அடித்துத் துள்ளும், அல்லது ஆறடி உயரத்தில் நின்று சொத்தென்று விழும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூடப் பிடிக்காது. பள்ளியில் இருந்த வயதான இன்னொரு ஆசிரியர் ஒரு நாள் என்னோடு வந்தார். இரண்டு சுற்று பேசாமல் பார்த்துவிட்டு, “எங்க பாக்குறீங்க?” என்றார்.

“ஓடுபாதையை சார்.”

“ஓடுபாதையில எந்த இடம்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. மூக்குக்கு நேர் முன்னே ஓடிவரும் தார்ப்பரப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “அந்தக் கடைசி முனையைப் பாருங்க. ரெண்டு ஓரமும் உங்க தோள் பக்கம் விரிஞ்சு வர்றது தெரியும். அப்போ பின்னால இழுங்க. அப்புறம் இறங்கவே விடாதீங்க, பிடிச்சு வையுங்க” என்றார்.

அவர் சொன்னபடி கடைசி முனைக்குக் கண்ணைத் தூக்கினேன். தரையிலிருந்து பத்துப் பதினைந்து அடி இருக்கும்போது ஓரங்கள் விரிந்தன. எஞ்சினைக் குறைத்துக்கொண்டே விமானத்தைச் சமமாக்கினேன். ஓடுபாதைக்கு ஓரடி மேலே அது மிதந்தது. இறங்கப் பார்க்கும்போதெல்லாம் யோக்கை அரை அங்குலம், இன்னும் அரை அங்குலம் பின்னே இழுத்தேன். ஸ்டால் ஊதல் மெல்ல முனகியது. பின்சக்கரம் இரண்டும் கீச்சென்று தொட்டன. மூக்குச் சக்கரத்தை உடனே விழவிடாமல் பிடித்திருந்தேன், அது தானே இறங்கியது. அந்தக் கீச்சுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

துள்ளிவிட்டால் என்ன செய்வது? சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்துக் கொஞ்சம் வலு கொடுத்து மறுபடி உட்காரவிடலாம். பெரிய துள்ளல் என்றால் முழு த்ராட்டில், மறு சுற்று. எந்த நிலையிலும் யோக்கை முன்னே தள்ளி விமானத்தைத் தரையில் அழுத்தாதீர்கள். மூக்குச் சக்கரம் முதலில் அடித்தால் இரண்டாவது துள்ளல் முதலாவதை விடப் பெரிதாக வரும், மூன்றாவதில் ப்ரொபெல்லர் தரையைத் தொட்டுவிடும்.

மறு சுற்று போவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஓடுபாதையின் பாதிக்கு வந்துவிடுகிறார்கள். நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வொரு இறக்கத்திலும் 200 அடியில் “நேர்கோடு, வேகம், ஃப்ளாப்” என்று வாய்விட்டுச் சொல்வேன். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் த்ராட்டில் உள்ளே போய்விடும். அதற்கு மேல் யோசிக்க மாட்டேன்.

பக்கக் காற்று இருக்கும் நாட்களில் கணக்கை மனதுக்குள் போடப் பழகுங்கள். காற்று ஓடுபாதைக்கு 30 டிகிரி சாய்வாக 20 நாட்டில் வீசினால் பக்கக் காற்று பாதி, 10 நாட். செஸ்னா 172-இல் செய்துகாட்டப்பட்ட பக்கக் காற்று 15 நாட். மாணவராக உங்கள் எல்லை அதில் பாதிக்குள் இருக்கட்டும். இறங்கும்போது மூக்கைக் காற்றுக்குள் திருப்பி வந்து, கடைசியில் காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்குவீர்கள். காற்று வரும் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும். அப்படித் தொடுவதுதான் சரி.

படி 7: எஞ்சின் நின்றால்

ஆசிரியர் எதிர்பாராத நேரத்தில் த்ராட்டிலை இழுத்து “எஞ்சின் போச்சு” என்பார். முதலில் மிதவை வேகம். 172எஸ்-க்கு 68 நாட். ட்ரிம் செய்து கையை விடுங்கள். அந்த வேகத்தில் காற்றில்லாத நாளில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் ஒன்றரை கடல் மைல் மிதக்கலாம். அடுத்து இறங்கும் இடம், காற்றை எதிர்க்கும் திசையில். அதற்குப் பிறகுதான் எரிபொருள் வால்வு, மேக்னெட்டோ என்று காரணம் தேடுவது. கடைசியாக ரேடியோ: மூன்று முறை மேடே என்ற அபாய அழைப்பு, ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண். யாரோடும் தொடர்பில் இல்லையென்றால் 121.5 அலைவரிசை. ஓட்டுவது, வழி பார்ப்பது, பேசுவது. இந்த வரிசை மாறக் கூடாது.

எழும்பிய உடனே, சில நூறு அடியில் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையை அடக்குங்கள். உடனே மூக்கைத் தாழ்த்தி, முன்னால் இடமும் வலமுமாகச் சிறு கோணத்துக்குள் கிடைக்கும் இடத்தில் இறங்குங்கள். ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்னும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

படி 8: சோலோ

ஒரு நாள் மூன்று சுற்றுக்குப் பிறகு ஆசிரியர் ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்குவார். முன்கூட்டிச் சொல்லாமல்கூட நடக்கலாம். காலியான வலது இருக்கையில் பெல்ட்டை மாட்டி இறுக்கிவிடுவார். ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். ஒரு ஆளின் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தை விடச் சீக்கிரம் எழும்பும், வேகமாக ஏறும், இறங்கும்போது கொஞ்சம் அதிகம் மிதக்கும். மற்றபடி நேற்று செய்த அதே சுற்றுதான். செக்லிஸ்ட்டைச் சத்தமாகப் படியுங்கள். மனம் சரியில்லை, தூக்கமில்லை, சளி பிடித்திருக்கிறது என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எந்த நல்ல ஆசிரியரும் அதைக் குறையாக எண்ண மாட்டார்.

படி 9: தொலைதூரப் பறத்தல்

உரிமத்துக்கு 270 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு சோலோப் பயணம் தேவை. வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி முழுதாக நிற்க வேண்டும். ஜிபிஎஸ் இருந்தாலும் வரைபடத்தில் பென்சில் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு அடையாளம் குறியுங்கள். ஆறு, ரயில் பாதை, ஏரி நல்லவை. 60 கடல் மைல் போனபோது ஒரு மைல் விலகியிருந்தால் திசை ஒரு டிகிரி தவறியிருக்கிறது. இந்த ஒன்றுக்கு அறுபது கணக்கு வானத்தில் வெகுவாகக் கைகொடுக்கும்.

எரிபொருளைத் தூரத்தில் கணக்கிடாமல் நேரத்தில் கணக்கிடுங்கள். எதிர்க்காற்றில் தூரம் சுருங்கும், நேரம் சுருங்காது. பகலில் 30 நிமிட மிச்சம் என்பது பல இடங்களில் சட்டத்தின் குறைந்தபட்சம். உங்கள் குறைந்தபட்சம் ஒரு மணி நேரமாக இருக்கட்டும்.

மேகத்துக்குள் போகாதீர்கள். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து மட்டும் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெளியே பார்க்க முடியாத நிலையில் இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடிகளில். உள்காது பொய் சொல்லும். திரும்பிக்கொண்டிருக்கும்போது நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். முன்னே தொடுவானம் மங்கத் தொடங்கியதும், பின்னால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். “இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்” என்று தோன்றும் அந்த நேரம்தான் திரும்ப வேண்டிய நேரம்.

படி 10: தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வில் முதலில் வாய்மொழிக் கேள்விகள், பிறகு வானத்தில் எல்லாம் ஒரு முறை. தேர்வாளர் அப்பழுக்கற்ற பறத்தலை எதிர்பார்ப்பதில்லை. 100 அடி ஏறிவிட்டால் அதை நீங்களே கவனித்துத் திருத்துகிறீர்களா என்று பார்க்கிறார். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, கையேட்டில் எங்கே இருக்கிறது என்று எடுத்துக்காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். முந்தைய நாள் பறக்காமல் நன்றாகத் தூங்குங்கள்.

உரிமம் வந்த வாரமே வீட்டாரை ஏற்றிக்கொண்டு போக ஆசை வரும். போங்கள், ஆனால் அதற்கு முன் தனியாக ஒரு மணி நேரம் சர்க்யூட் அடித்துவிட்டு வாருங்கள். பயணியை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று டேக்-ஆஃபும் மூன்று தரையிறக்கமும் செய்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. காற்று அடங்கிய காலை நேரமாகப் பாருங்கள். ஏறுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றுவது எப்படி, கதவைத் திறப்பது எப்படி, ப்ரொபெல்லர் பக்கம் ஏன் போகக் கூடாது என்று காட்டுங்கள். டேக்-ஆஃபிலும் இறக்கத்திலும் உங்களோடு பேச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இன்னொரு விமானம் கண்ணில் பட்டால் மட்டும் உடனே சொல்லலாம். அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் பயந்து உட்கார்ந்திருப்பவரும் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்க்கத் தொடங்குவார்.